ஒற்றை விரல் வணக்கம்

எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது கடலணை. வடக்கே கடல் ஊருக்குள் வந்துவிடாமல் தடுக்கப் புல் போர்த்தி எழுப்பிய மண்மேடு. அதன்மேல் செம்மறிகள் மேயும். மற்றபடி ஃப்ரீஸ்லாந்து என்கிற இந்தத் தட்டை மாகாணத்தில் ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்தால் அது வைத்த இடத்திலேயே இருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, இங்கேயே தூக்குப்பாலக் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற ரென்ஸ்கே, ஆல்ப்ஸ் மலையில் நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஸ்டெல்வியோ சாலையில் ஏறியே தீருவேன் என்று எழுபத்துமூன்று வயதில் ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி. செண்பகம் என்ற என் பெயரை இவர்கள் வாயில் போட்டு மென்று 'ஷென்' ஆக்கி முப்பது வருஷமாகிறது. ரென்ஸ்கே என்னைவிட ரொம்ப மூத்தவள். ஆனால் இங்கே பெரியவர் சின்னவர் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளை 'அவர்' என்று எழுதினால், யாரோ மாவட்ட அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் எனக்கே சிரிப்பு வரும்.

பாலக்காவலுக்குக் கோடைதான் ஓய்வில்லாத காலம். கால்வாயில் படகுகள் வரும். பாலத்தைத் தூக்கினால் சாலையில் வண்டிகள் நிற்கும். அப்படி நிற்பவற்றில் பாதி கேரவன்கள். சினிமாக்காரர்கள் ஒப்பனைக்கு உட்காரும் கேரவன் அல்ல. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் குட்டி வீடு. ஊரே விடுமுறைக்குப் போகும்போது அவர்களை வழிமறித்து நிற்பதுதான் ரென்ஸ்கேயின் உத்தியோகம். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "சீக்கிரம் விடும்மா, மலை காத்துக்கிட்டிருக்கு!" என்று கத்துவார்கள். "மலை எங்கயும் ஓடிப்போயிடாது, இன்ஜினை நிறுத்து!" என்று மேலிருந்து பதில் சொல்வாள். படகுக்காரர்களுக்குத் தூண்டில் கம்பில் கட்டிய மரச்செருப்பை ஆட்டி இறக்குவாள். கட்டணத்தை அதில் போட்டால்தான் வழி. போடாமல் நழுவப் பார்த்தவன் தலையில் அந்தச் செருப்பு தெரியாமல் இடித்ததும் உண்டு. எவ்வளவு தெரியாமல் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வேலை பார்த்த காலம் முழுவதும் ஒரு கோடையில்கூட அவள் மாகாண எல்லையைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றபோது அந்தக் கம்பையும் செருப்பையும் கேட்டு வாங்கி வந்து அடுக்களைச் சுவரில் மாட்டினாள். பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை, கணவரின் அண்ணன் சாவு என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று குறுக்கே வந்தது. "மலை ஓடிப்போகாது, சரி. நான்?" என்று ஒருநாள் துணி காயப்போடும்போது என்னிடம் கேட்டாள்.

அவள் கணவர் டௌவேக்கு எழுபத்தாறு வயது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவரும் டேங்கர் லாரி ஓட்டியவர். மூடுபனியில், கால்வாயை ஒட்டிய குறுகல் சாலையில், லாரியைப் பின்னோக்கியே செலுத்திப் பண்ணைக்குள் நுழைப்பார். அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை மட்டும் யாரும் மறந்துவிடக்கூடாது. மறந்தால் அவரே நினைவுபடுத்திவிடுவார். ரென்ஸ்கேக்கும் உரிமம் உண்டு. ஆனால் டௌவே பக்கத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் தொடுவது, பாதிரியார் இருக்கும்போது பிரசங்க மேடையில் ஏறுவதற்குச் சமம்.

அந்தப் பனிக்காலம் முழுக்க அவர்கள் அடுக்களை மேசையில் ஐரோப்பா விரிந்து கிடந்தது. பள்ளிகள் திறந்து, கிழடுகட்டைகளுக்கு முகாம்களில் கட்டணச் சலுகை தொடங்கும் செப்டம்பரில் கிளம்புவது. மோசல் ஆற்றங்கரை, கருங்காடு, போடன் ஏரி, பிறகு மலையடிவாரம். அங்கே கேரவனை நிறுத்திவிட்டு வெறும் காரில் மேலே ஏறுவது. இவ்வளவையும் முடிவு செய்வதற்குள் அவர்கள் போட்ட சண்டை சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

"ஒரு மூட்டை கிழங்கு எதுக்கு டௌவே? ஜெர்மனியில உருளைக்கிழங்கு விக்காதா?"

"விக்கும். ஆனா அது ஜெர்மன் கிழங்கு."

தினமும் காபிக்குப் பிறகு டௌவே நாற்காலியில் சாய்ந்து, "வழியை வாசி ரென்ஸ்" என்பார். அவள் வரைபடத்தின் மேல் குனிந்து ஊர்ப் பெயர்கள், திருப்பங்கள், ஏற்றங்கள் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இத்தனை வருஷம் கழிச்சு என் குரல் பிடிச்சிருக்காம் இந்த மனுஷனுக்கு" என்று என்னிடம் சொன்னபோது அவள் கன்னம் சிவந்திருந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் சாலைகளில் எதிரே வண்டியில் வருகிறவனுக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல், ஒரே ஒரு விரலை உயர்த்துவோம். அதுதான் வணக்கம். தெரிந்தவனுக்கு உயர்த்தாவிட்டால் பகை. தெரியாதவனுக்கு உயர்த்தினால் அசடு. கை முழுவதையும் ஆட்டினால் நீ வெளியூர்.

அந்த வசந்தத்தில் டௌவே எல்லாருக்கும் விரலை உயர்த்த ஆரம்பித்தார். ஜெர்மன் எண் போட்ட கார்களுக்கு உயர்த்தினார். பத்து வருஷமாகப் பேச்சில்லாத பழைய பண்ணைக்காரருக்கு உயர்த்தினார். அந்த மனுஷர் உருகிப்போய் அன்று மாலையே சமாதானம் பேச வந்துவிட்டார். ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்ற குப்பைத்தொட்டிக்கும் ஒரு விரல் கிடைத்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பயணம் போகிற குஷியில் கிழவருக்கு ஊர் முழுக்கப் பாசம் பொங்குகிறது என்று நினைத்தோம்.

மே மாதத்தில், மலைக்கு ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார் டௌவே. ஒத்திகைக்கு இருப்பது கடலணைதான். அதன்மேல் ஒரு சாலை ஏறி, மறுபக்கம் படகுத்துறைக்குச் சரிந்து இறங்கும். மலையடிவாரம்வரை இழுக்க வேண்டிய கேரவனையும் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். டௌவே ஓட்ட, பக்கத்தில் ரென்ஸ்கே. பின்சீட்டில் நான், வேடிக்கை பார்க்க.

ஏறியது அழகாக ஏறியது. "பாத்தியா, பால் டேங்கரை இழுத்தவனுக்கு இதெல்லாம் பூ" என்றார். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கினோம். கீழே, சாலையின் நட்டநடுவில், ஆட்டுக்காரன் ஷூர்ட் ஒரு கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் மந்தை மொத்தமும் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

டௌவே சந்தோஷமாக ஒரு விரலை உயர்த்தினார். வண்டி வேகம் குறையவில்லை.

"டௌவே" என்றாள் ரென்ஸ்கே.

"ம்?"

"டௌவே!"

ஷூர்ட் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். பின்னால் கேரவனின் கனம் எங்களை உந்தியது. நான் கத்தினேனா, கத்த நினைத்தேனா என்று தெரியாது. ரென்ஸ்கே குனிந்து கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டயர் அலறியது. கேரவன் ஒரு பக்கமாகத் துள்ளி வளைந்தது. என் நெற்றி முன்சீட்டில் மோதியது. வண்டி நின்றபோது காருக்கு முன்னால், கையை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு தாய் ஆடு எங்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் காலடியில் குட்டி.

ஷூர்ட் சாலையோரப் புல்லில் விழுந்து கிடந்தான். எழுந்து வந்து கார் கூரையில் ஓங்கி அறைந்தான்.

"நிறுத்துன்னு கையைத் தூக்கி நிக்கறேன், விரலைக் காட்டிக்கிட்டு வர்றே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?"

"நீ வணக்கம் சொல்றேன்னு நினைச்சேன்" என்றார் டௌவே. பிறகு, யாரும் கேட்காமலே, "வெயில் கண்ணுல அடிச்சுது" என்றார்.

ஷூர்ட் வானத்தைப் பார்த்தான். ரென்ஸ்கேயும் பார்த்தாள். நானும் பார்த்தேன். காலையிலிருந்தே மேகம் மூடிக் கிடந்தது. எங்கள் நிழல்கூடத் தரையில் இல்லை.

"இறங்கு" என்றாள் ரென்ஸ்கே.

"எதுக்கு?"

"இறங்கு, டௌவே."

அவர் அசையவில்லை. அவள் இறங்கி, சுற்றி வந்து, அவர் பக்கக் கதவைத் திறந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டணம் போடாத படகுகளுக்கு எதிரே அவள் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவர் இறங்கினார். காரின் முன்பக்கத்தைச் சுற்றி மறுபுறம் போகும்போது அவர் உள்ளங்கை வண்டியைத் தடவிக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்கு அந்தக் குப்பைத்தொட்டி ஞாபகம் வந்தது.

கீழே படகுத்துறையில் திரும்பி, அணைமேல் மறுபடி ஏற வேண்டும். கேரவன் மாட்டிய வண்டியை ரென்ஸ்கே அதற்குமுன் ஓட்டியதே இல்லை. ஏற்றத்தின் பாதியில் இன்ஜின் முனகி நடுங்கியது.

"முதல் கியர்" என்றார் டௌவே, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"நீ வாயை மூடு."

"மூடிக்கறேன். முதல் கியர்ல போடு."

போட்டாள். வண்டி ஏறியது. பின்னால் கார்கள் சேர்ந்து ஹாரன் அடித்தன. அவள் கழுத்தில் வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கி, தடுப்புக்கட்டை இறங்கியது. அவளுடைய பாலம். கேரவனோடு அதன் முன்னால் காத்திருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"எப்போலேர்ந்து?"

"எது எப்போலேர்ந்து?"

"கால்வாய்ல தள்ளிடுவேன் கிழவா. எப்போலேர்ந்து?"

உயரமான பாய்மரம் வைத்த படகு ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. டௌவே அதன் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்.

"பனிக்காலத்துலேர்ந்து. நடுவுல புகை அடைச்ச மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் நல்லாத்தான் தெரியுது. உன்னை நேரா பாத்தா உன் காது தெரியுது ரென்ஸ். மூஞ்சி தெரியல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். இனிமே வண்டியைத் தொடாதேன்னார்."

"அதுக்கப்புறமும் ஓட்டினே."

"நம்ம ரோடுதானே. எனக்கு மனப்பாடம்."

"அந்த நாற்பத்தெட்டு வளைவும் மனப்பாடமா?"

"நீ சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றார் டௌவே. "ஒவ்வொரு வளைவா நீ வாசிச்சுச் சொல்லு, நான் திருப்பறேன். அதுக்குத்தான் தினம் வாசிக்கச் சொன்னேன்."

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளம். நடுவில் கண் தெரியாத ஒரு கிழவர் மனைவியின் குரலைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். எனக்குக் கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"என் குரல் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்" என்றாள் ரென்ஸ்கே.

"அதுவும்தான்."

பாலம் இறங்கி, தடுப்புக்கட்டை உயர்ந்தது. அவள் வண்டியை எடுக்கவில்லை. முகத்தை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு அழுதாள். "கேரவன், நகருங்க! வழி விடுங்க!" என்று புதுக் காவலாளி ஒலிபெருக்கியில் கத்தினான்.

வீடு வந்ததும் டௌவே சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் காருக்கு வேறு சாவி கிடையாது. இன்னொன்று எந்தக் காலத்திலோ கால்வாயில் விழுந்துவிட்டது. "நான் ஓட்டலைன்னா யாரும் ஓட்டப் போறதில்ல. பயணமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். "பொண்டாட்டி ஓட்ட, பக்கத்துல நான் மூட்டை மாதிரி உக்காரணுமா? ஊர் சிரிக்கும்." சாவியை அவர் தூங்கும்போதும் விடவில்லை என்று ரென்ஸ்கே சொன்னாள். மேசையில் விரிந்திருந்த வரைபடத்தை அவளும் மடிக்கவில்லை. அதன் மேலேயே தட்டு வைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குச் சண்டைச் சத்தமே தேவலை என்று ஆகிவிட்டது.

ஆனால் பாலக்காரி சும்மா இருப்பாளா? நேரே ஷூர்ட்டிடம் போனாள். ஆடு ஏற்றும் இழுவைப்பெட்டியை மாட்டிய தன் வண்டியை அவன் தினமும் கொஞ்சநேரம் அவளுக்குக் கொடுத்தான். கடலணையில் ஏறி இறங்கினாள், பின்னோக்கித் தள்ளி வேலியைச் சாய்த்தாள், மறுபடி ஏறினாள். "உள்ள இருக்கற ஆடு வாந்தி எடுக்காம இறங்கினா நீ மலைக்குப் போகலாம்" என்றான் ஷூர்ட். அவனுக்கு இன்னும் முழங்கை வலி தீரவில்லை.

ஒருநாள் மாலை அந்த வண்டியை எங்கள் சந்துக்குள் திருப்பிக்கொண்டிருந்தாள். டௌவே தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்கிக்கொண்டிருந்தார். இன்ஜின் உறுமியது. அவர் திரும்பாமலே கத்தினார்: "ரெண்டுல போடு! கிளட்சை அரைச்சுக் கொல்லாதே!"

அவள் வண்டியைப் பின்னால் தள்ளி, இரண்டில் போட்டு, திரும்ப வந்தாள். இப்போது சத்தமில்லாமல் நுழைந்தது. டௌவே மறுநாளும் அதே நேரத்துக்குக் களை பிடுங்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஆகஸ்டுக்குள் அந்தத் தோட்டத்தில் களையும் இல்லை, பாதிக்குப் பாதி செடியும் இல்லை. சாவி மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

செப்டம்பர் வந்தது. குறித்த நாள் காலையில் ரென்ஸ்கே கேரவனில் எல்லாவற்றையும் ஏற்றியிருந்தாள், உருளைக்கிழங்கு மூட்டை உட்பட. டௌவே வீட்டை ஒட்டிய கால்வாய்க் கரையில், காருக்குப் பக்கத்தில், கையைப் பையில் விட்டபடி நின்றார். அந்தக் கையில்தான் சாவி. இரண்டடி தள்ளித் தண்ணீர். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். வீசி எறிய அவருக்கு ஒரு நொடி போதும்; வீம்புக்கு அவர் எதையும் செய்வார்.

மாடி ஜன்னல் திறந்தது. தூண்டில் கம்பு வெளியே நீண்டது. கயிற்றின் நுனியில் மரச்செருப்பு ஆடி ஆடி இறங்கி அவர் முகத்துக்கு நேரே நின்றது.

"கட்டணம்!" என்றாள் மேலிருந்து.

"என்ன கட்டணம்?"

"சாவி."

"அதையும் குடுத்துட்டா என்கிட்ட என்னடி மிச்சம்?"

"காது இருக்கு. ரோட்டை நான் பாத்துக்கறேன். இன்ஜின் பேசறது எனக்குப் புரியாது டௌவே. அங்க வந்து எந்த வளைவுல எந்த கியர்னு யார் சொல்லுவா? ஷென்னா சொல்லுவா?"

என்னை ஏன் இழுக்கிறாள் என்று இருந்தது. டௌவே பையிலிருந்து கையை எடுத்தார். கை தண்ணீர்ப் பக்கம்தான் இருந்தது.

"நீ இல்லாம நான் போகமாட்டேன்" என்றாள் ரென்ஸ்கே. "போகவே மாட்டேன். அந்தப் பாலத்துலயே நின்னு செத்தேன்னு நினைச்சுக்கறேன்."

அவர் நேரே கையை நீட்டினார். செருப்பு அகப்படவில்லை, அவருக்கு நேரே இருப்பதுதான் தெரியாதே. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் அதைத் தேடினார். மறுபடி நீட்டினார். பிடித்தார். கொஞ்சநேரம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சாவி மரத்தில் விழும் சத்தம் கேட்டது.

அதற்குமேல் அங்கே நின்றால் என் அழுகை தெரிந்துவிடும் என்று ரொட்டி வாங்கும் சாக்கில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பும்போது கால்வாய்ச் சாலையில் அவர்கள் எதிரே வந்தார்கள். ரென்ஸ்கேயின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. வணக்கம் சொல்ல அவளுக்கு ஒரு விரல் மிச்சமில்லை. டௌவே தலையை அவள் பக்கம் சாய்த்து ஏதோ கேட்டார். அவள் உதடு ஒரே ஒரு முறை அசைந்தது. என் பெயருக்கு அவ்வளவு போதும்.

டௌவே முகத்தை நேராக வைத்துக்கொண்டார். முன்பலகையின் மேல் இருந்த கையிலிருந்து ஒரு விரல் மட்டும் உயர்ந்தது.

நான் சைக்கிளை நிறுத்தி, ரொட்டிப் பையோடு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, வெளியூர்க்காரி மாதிரி ஆட்டினேன்.